ஓட்டோ எத்தனை ஓடலாம் என்று யார் முடிவெடுப்பது?

கொழும்பில் வாடகைக்கு எத்தனை ஓட்டோ ஓடலாம், எத்தனை கார் ஓடலாம் என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்த்ததுண்டா? நான் அறிந்த வரையில் இல்லை. அதற்காக அந்த எண்ணிக்கை தன்பாட்டில் கூடிக் குறைந்தது என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் யாரோ கூட்டினார்கள், யாரோ குறைத்தார்கள், அப்படிச் செய்தவர்களுக்கும் மழைக்குள் காலி வீதியில் குடையோடு நிற்கிற பயணிக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. எனக்குள்ள கோபமெல்லாம் இதுதான்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 2008இல் டூ ஸ்ட்ரோக் ஓட்டோக்களின் இறக்குமதியை நிறுத்தினார்கள். புகையைக் குறைக்க எடுத்த முடிவு, நல்ல முடிவு. யுத்தம் முடிந்த பிறகு, தவணைக் காசுக்கு வாகனம் எடுத்துக் கொடுக்கிற லீசிங் கம்பனிகள் சந்திக்குச் சந்தி முளைத்தன. கையில் கொஞ்சக் காசை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் புது ஓட்டோவோடு வீட்டுக்குப் போகலாம் என்ற நிலைமை வந்தது. 2015இல் மட்டும் நாடு முழுவதும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டோக்கள் புதிதாகப் பதிவாகின. இன்று பதிவேட்டில் இருப்பவை 11 இலட்சத்தைத் தாண்டும். சனத்தொகை 2 கோடி 20 இலட்சம் அளவில் உள்ள நாட்டில் இருபது பேருக்கு ஒரு ஓட்டோ! எல்லாமே வாடகைக்கு ஓடுவதில்லை, வீட்டுப் பாவனைக்கு வைத்திருப்பவர்களும் நிறையப் பேர். ஆனால் எது வாடகைக்கு ஓடுகிறது, எது பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப் போக மட்டும் நிற்கிறது என்பதை வண்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. எதையும் ஒழுங்குபடுத்த முன்னம் அது எத்தனை என்று தெரிய வேண்டும். நாங்கள் அந்த முதல் படியிலேயே நிற்கிறோம்.

பிறகு 2017 ஜனவரியில் மத்திய வங்கி ஒரு விதி போட்டது. ஓட்டோ வாங்க அதன் பெறுமதியில் 25 சதவீதம்தான் கடன் கொடுக்கலாம், மிச்சக் காசு முழுக்க வாங்குகிறவர் கையிலிருந்து வர வேண்டும். கடனையும் இறக்குமதியையும் கட்டுக்குள் வைக்க அப்படிச் செய்தார்கள். அதோடு புதுப் பதிவுகள் மளமளவென்று விழுந்தன. 2020 மார்ச்சில் டொலர் இல்லை என்று வாகன இறக்குமதியே நின்றது, திரும்பத் திறக்க 2025 ஆகிவிட்டது. நடுவில் ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் பழைய ஓட்டோக்களின் விலை எங்கே போனது என்று விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்து வருடம் ஓடித் தேய்ந்த வண்டியை, புதிதாக வாங்கிய விலையை விடக் கூட விலைக்கு விற்றார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு நகரத்தின் வாடகை வண்டிகளை அள்ளிக் கொட்டியது லீசிங் கம்பனி. பிரேக் போட்டது மத்திய வங்கி. பூட்டுப் போட்டது இறக்குமதிக் கட்டுப்பாடு. போக்குவரத்து என்று பெயர்ப் பலகை போட்டிருக்கும் எந்த அலுவலகமும் இந்தக் கதைக்குள் வரவில்லை. மத்திய வங்கியைக் குறை சொல்லவில்லை, வட்டியையும் ரூபாயையும் பார்ப்பதுதான் அவர்களுடைய வேலை. வெள்ளவத்தையில் மாலை 6 மணிக்கு ஒரு ஓட்டோ கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள், அவர்கள் பார்க்கவில்லை.

அந்த ஐந்து வருடத்தின் விளைவை நான் மிக அருகில் கண்டது கொட்டாஞ்சேனையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வந்த ஒரு நாளில்தான். வண்டி ஓட்டிய தம்பிக்கு ஹட்டன் பக்கம். சீட் கிழிந்து, கிழிசலுக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டி, அந்த டேப்பும் உரிந்து பாவாடையில் ஒட்டுகிற மாதிரி இருந்தது. மழைக்கு இழுத்து விடுகிற படங்கு ஒரு பக்கத்தில் மட்டும்தான், மற்றப் பக்கம் வெறும் கொளுக்கி. ஏன் தம்பி இதைத் திருத்தாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வண்டி நம்மளது இல்லக்கா, நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுறேன். ஓனர் செய்ய மாட்டாரு. நான் செஞ்சா அந்தக் காச யாருக்கா குடுப்பாங்க?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வண்டி வாங்க முடியாத விலைக்கு ஏறியதும், ஓட்டுகிறவர் ஒருவர், சொந்தக்காரர் இன்னொருவர் என்று ஆகிவிட்டது. சொந்தக்காரருக்கு நாள் வாடகை வந்தால் போதும். ஓட்டுகிறவருக்கு அந்த வாடகைக் காசையும் பெற்றோல் காசையும் உழைத்து முடிக்கவே மத்தியானம் தாண்டிவிடும், அதற்குப் பிறகு ஓடுகிற ஹயர்தான் வீட்டுக்கு. அப்படி ஓடுகிறவரிடம் போய், வண்டியைத் துடைத்து வை, கோர்ன் அடிக்காதே, சீற்றை மாற்று என்று வகுப்பு எடுத்தால் அவர் எப்படிக் கேட்பார்? தரம் கெட்டதற்குப் பாதிக் காரணம் புது வண்டிகளின் வரத்து நின்றதுதான். இரண்டையும் வெவ்வேறு பிரச்சினையாகப் பேசுகிறவர்கள் ஒரு நாளைக்கு வாடகை வண்டி எடுத்து ஓடிப் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் திறந்து விடலாமா, எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும் என்று? இதற்கு வெளியூர்க் கதைகள் இரண்டைச் சொல்ல வேண்டும்.

நியூயோர்க்கில் 1937இல் ஒரு சட்டம் கொண்டுவந்து டாக்சிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். ஒவ்வொரு மஞ்சள் டாக்சிக்கும் முன்பக்கத்தில் ஒரு தகடு, அந்தத் தகடு இல்லாமல் வீதியில் கை காட்டுகிறவரை ஏற்ற முடியாது. தகட்டின் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை, நகரம் கூடியது, ஆகவே தகட்டின் விலை ஏறியது. 2014 அளவில் ஒரு தகடு 10 இலட்சம் டொலருக்கு மேல் போனது. அதை வாங்கியவர்களில் பலர் வெளிநாடுகளிலிருந்து குடியேறிய சாரதிகள், தெற்காசியர்களும் நிறையப் பேர், எல்லாம் கடனுக்கு. பிறகு போன் செயலியில் வண்டி பிடிக்கிற ஊபர் வந்தது, தகட்டின் விலை விழுந்தது, கடன் மட்டும் அப்படியே நின்றது. 2021இல் அந்தச் சாரதிகள் நகர மண்டபத்துக்கு வெளியே உண்ணாவிரதம் இருந்துதான் கடன் குறைப்பு வாங்கினார்கள். உச்சவரம்பு வைத்தால் இலாபம் சாரதிக்குப் போகும் என்று நினைக்கிறோம். தகட்டைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் போகிறது. கொழும்பில் இறக்குமதி நின்ற ஐந்து வருடமும் அதே கதைதான், தகட்டுக்குப் பதில் வண்டி.

அயர்லாந்தின் டப்ளினில் தலைகீழ். அங்கே 2000ஆம் ஆண்டு வரைக்கும் டாக்சி உரிமங்களை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தார்கள். நகரத்துக்கு மூவாயிரம் டாக்சி கூட இல்லை, சனம் இரவில் மணிக்கணக்கில் கியூவில் நின்றது. நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றுக்குப் பிறகு கதவைத் திறந்துவிட்டார்கள். ஓரிரு வருடத்தில் எண்ணிக்கை மும்மடங்குக்கு வந்தது. பயணிகளின் காத்திருப்பு குறைந்தது, அது உண்மையான நன்மை. ஆனால் 2010இல் அவர்களே புது உரிமம் கொடுப்பதை நிறுத்தி, சக்கர நாற்காலி ஏற்றக்கூடிய வண்டிகளுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். அந்த விதிவிலக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. எண்ணிக்கையைக் கூட்டுவதா குறைப்பதா என்று மண்டையை உடைக்காமல், நகரத்துக்கு எந்த வகை வண்டி இல்லையோ அதற்குக் கதவைத் திறந்து வைத்தார்கள். கொழும்பில் சக்கர நாற்காலியோடு தேசிய வைத்தியசாலைக்குப் போக வேண்டிய ஒருவர் என்ன செய்கிறார்? நாற்காலியை மடித்து ஓட்டோவின் பின்னுக்குத் திணித்து, ஆளை இரண்டு பேர் தூக்கி உள்ளே வைக்கிறார்கள். இந்த நகரத்தில் ஓட்டோவுக்கா பஞ்சம்? அந்த மனிதர் ஏறக்கூடிய வண்டிக்குத்தான் பஞ்சம்.

எங்கள் அரசாங்கங்கள் எண்ணிக்கையைக் குறைக்க எடுத்த முயற்சிகளில் ஒன்று, வாடகை ஓட்டோ ஓட்ட 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற யோசனை. இளம் பெடியன்கள் தொழிற்சாலைக்கும் கட்டட வேலைக்கும் போகாமல் ஓட்டோ ஓட்டுகிறார்கள், நாட்டுக்கு நட்டம் என்று காரணம் சொன்னார்கள். 25 வயதில் ஒருவன் சொந்தக் கையால் உழைக்கத் தேர்ந்தெடுத்த வேலையை, வேறு முதலாளிக்கு ஆள் இல்லை என்பதற்காகத் தடுப்பதா? அதுவும் பயணியின் பாதுகாப்பு என்ற பெயரில்? எனக்கு இதில் ஒரு நியாயமும் தெரியவில்லை. வயது பார்த்துத் தரத்தைக் கொண்டுவர முடியாது.

சரி, தரம் என்றால் என்ன? என்னைக் கேட்டால் முதல் இடம் கட்டணத்துக்குத்தான். கேட்டவுடனே என்ன காசு என்று தெரிய வேண்டும், ஏறியவருக்கும் ஓட்டியவருக்கும் அதே காசு நியாயமாகப் பட வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விடிய நாலரை, ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் இறக்கி விடுவார்கள். கண் எரியும். கையில் ஒரு பை, காலடியில் மாம்பழப் பெட்டி, ஒடியல் மா, யாரோ யாருக்கோ கொடுத்துவிட்ட பார்சல். பஸ் நிற்க முன்னமே ஓட்டோக்காரர்கள் கதவடியில். ஹம்டன் லேன் தாண்டி அந்தப் பக்கம் போக ஒருவர் ஒரு விலை சொல்வார், அடுத்தவர் அதே விலையையே சொல்வார், ஏனென்றால் முதல் ஆள் சொன்னது அவருக்கும் கேட்டது. வயதான அம்மா ஒருவர் பேரம் பேசிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் இலக்கம் சொல்லத் தெரியாமல் விரலைக் காட்டிக்கொண்டு நின்றதை நான் ஒரு நாள் பார்த்தேன். நூறு மீற்றர் தள்ளி நின்றிருந்தால் மீற்றர் ஓட்டோ ஒன்று கிடைத்திருக்கும். ஆனால் அந்த இருட்டில், அந்தப் பைகளோடு, அவர் எங்கே நடப்பது? கட்டணத்தை ஒழுங்குபடுத்துவது யாருக்காக என்று கேட்டால் நான் அந்த அம்மாவைத்தான் சொல்வேன். செயலி வைத்திருக்கிற எங்களுக்கு வழி இருக்கிறது.

இதற்கு மருந்தாக 2018இல் மீற்றரைக் கட்டாயமாக்குவதாக அறிவித்தார்கள், பற்றுச்சீட்டும் கொடுக்க வேண்டும் என்றார்கள். பற்றுச்சீட்டு என்று ஒன்றை எந்த ஓட்டோக்காரரும் இன்றுவரை எனக்குக் கொடுத்ததில்லை. மீற்றர் பலரிடம் இருக்கிறது, ஓடுவதும் உண்டு. ஆனால் மீற்றர் ஓடினால் போதாது, எந்தக் கணக்கில் ஓடுகிறது என்பதுதான் விஷயம். சில மீற்றர்கள் பாயும். காலி வீதியில் பச்சை லைட்டுக்கு நிற்கும்போது சிவப்பு இலக்கம் துள்ளித் துள்ளி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மீன் கடையில் வைத்திருக்கிற தராசை வருடா வருடம் பரிசோதித்து முத்திரை குத்த வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் என்று அதற்கென்றே ஒரு திணைக்களம், 1995ஆம் ஆண்டுச் சட்டம், பரிசோதகர்கள் எல்லாம் உண்டு. அரைக் கிலோ பாரை மீனுக்கு உள்ள பாதுகாப்பு ஐந்து கிலோமீற்றர் பயணத்துக்கு ஏன் கிடைப்பதில்லை? மீற்றரும் ஒரு தராசுதான், தூரத்தை நிறுக்கிறது. நான் ஏறிய எந்த ஓட்டோவின் மீற்றரிலும் ஒரு முத்திரையைக் கண்டதில்லை. புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை, இருக்கிற திணைக்களத்தைக் கொண்டே இந்த வேலையைச் செய்வித்து, முத்திரை இல்லாத மீற்றரோடு வாடகைக்கு ஓட முடியாது என்று வைத்தால் போதும்.

ஆனால் மீற்றருக்குள் போடுகிற விலை சரியாக இல்லாவிட்டால் முத்திரை குத்தியும் பிரயோசனம் இல்லை. இந்த இடத்தில்தான் சென்னையை நினைத்துப் பார்க்க வேண்டும், எங்களில் பலர் வைத்தியத்துக்கும் கலியாணப் புடைவைக்கும் போய் வருகிற ஊர். அங்கே 2013இல் ஆட்டோக் கட்டணத்தைத் திருத்தினார்கள், முதல் 1.8 கிலோமீற்றருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீற்றருக்கு 12 ரூபாய். கொஞ்சக் காலம் மீற்றர் ஓடியது. பிறகு பெற்றோல் விலை ஏறியது, கேஸ் விலை ஏறியது, வாடகை ஏறியது, அந்த 25 ரூபாய் மட்டும் பத்து வருடம் தாண்டியும் அசையவில்லை. மீற்றர் போடுங்கள் என்று கேட்டால் சென்னையில் ஓட்டுநர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். குற்றம் அவர் பேரிலா? விலையைப் போட்டுவிட்டு மறந்துபோன அரசாங்கத்தின் பேரில்தான் நான் சொல்வேன்.

இங்கே பெற்றோல் விலை 2022 தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாய், அதே வருடம் ஜூன் கடைசியில் 470. ஆறு மாதம்! பிறகு இறங்கியது, இப்போது மாதா மாதம் திருத்துகிறார்கள். இப்படி ஆடுகிற விலைக்கு ஓட்டோக் கட்டணம் எப்படி மாறுகிறது? விலை ஏறினால் ஓட்டோச் சங்கங்கள் கட்டணத்தைக் கூட்டி அறிவிக்கும். இறங்கினால் ஒரு சங்கம் குறைப்போம் என்னும், மற்றச் சங்கம் டயர் விலை, எண்ணெய் விலை குறையட்டும், பிறகு பார்ப்போம் என்னும். இரண்டு நாள் செய்தியில் வரும், அப்புறம் அவரவர் விலை. மேல் மாகாணத்தில் வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை கட்டணத்தை அறிவிக்கிறதுதான், ஆனால் அது எப்போது வரும், என்ன கணக்கில் வரும் என்று பயணிக்கும் தெரியாது, சாரதிக்கும் தெரியாது.

பஸ்ஸுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு வருடமும் ஜூலை மாதம் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு பஸ் கட்டணத்தைத் திருத்துகிறது. எரிபொருள், டயர், உதிரிப் பாகம், சம்பளம் என்று 12 விடயங்களைக் கொண்ட ஒரு சூத்திரம் இருக்கிறது. பஸ்காரர்கள் சண்டை பிடிப்பார்கள், பயணிகள் முறுமுறுப்பார்கள், ஆனால் சண்டை ஒரு கணக்கின் மேல் நடக்கிறது. ஓட்டோவுக்கு அதே மாதிரி ஒரு கணக்கு எழுதுவது அவ்வளவு கடினமா? லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர், டயர் எத்தனை மாதம், லீசிங் தவணை எவ்வளவு, ஆள் இல்லாமல் திரும்பி வருகிற தூரம் எவ்வளவு, எட்டு மணித்தியாலம் உழைத்த மனிதனின் கூலி எவ்வளவு. கடைசி இரண்டையும் வேண்டுமென்றே சொல்கிறேன், பேரம் பேசும்போது நாங்கள் எல்லோரும் மறந்துவிடுகிற இரண்டு அவைதான்.

செயலிகள் வந்து இதையெல்லாம் தீர்த்துவிட்டன என்று சொல்பவர்கள் உண்டு. பிக்மீ 2015இல் இங்கேயே உருவானது, அதே வருட டிசம்பரில் ஊபரும் வந்தது. அவை கொடுத்ததைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். அதற்கு முன்னம் கங்காரு மாதிரிக் கெப் கம்பனிக்குப் போன் பண்ணி, லைனில் பாட்டுக் கேட்டு, விலாசத்தைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொல்லி, கடைசியில் வண்டி இல்லை என்று வரும். செயலி வந்ததோடு தமிழில் மட்டும் பேசத் தெரிந்தவரும் வாய் திறக்காமல் வண்டி பிடிக்கலாம், விலை முன்னமே தெரியும், போகிற வழி வீட்டில் இருப்பவருக்கும் தெரியும். இரவு வேலை முடிந்து வருகிற பெண்களுக்கு இதன் பெறுமதி என்ன என்று ஆண்களுக்குப் பாதிதான் விளங்கும்.

ஆனால் இப்போது நடப்பது என்ன? வண்டி கிடைத்தது என்று செயலி காட்டும். அடுத்த நிமிடம் போன் வரும். "எங்க போறது? காஷா, காட்டா?" காட் என்றால் பதிலே வராது, கொஞ்ச நேரத்தில் ஹயர் ரத்து. சில நேரம் அவராக ரத்துச் செய்யவும் மாட்டார், வரைபடத்தில் வண்டிப் படம் ஒரே இடத்தில் நிற்கும், நாங்களாகக் களைத்துப் போய் ரத்துச் செய்யும் வரைக்கும். மழை என்றால் விலை இரட்டிப்பாகக் காட்டும், அந்த விலைக்கும் மேல் ஐம்பது, நூறு கேட்பார்கள். சாரதியைக் கேட்டால் அவருக்கும் ஒரு நியாயம் உண்டு. காட் காசு கைக்கு வரச் சுணங்கும், பெற்றோல் செட்டில் காசுதான் கேட்பார்கள். ஆளை ஏற்றப் போகிற தூரத்துக்குக் காசு இல்லை. ஒரு நாள் காலையில் செயலியைத் திறந்தால் கணக்கு முடக்கம், ஏன் என்று கேட்க ஆள் இல்லை, ஒரு நட்சத்திரம் கொடுத்த பயணி யார், நடந்தது என்ன என்று சொல்ல இடம் இல்லை.

தரத்தைப் பார்க்கிற வேலையை நாங்கள் கம்பனிகளிடம் கொடுத்துவிட்டோம். யாரும் கொடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அரசாங்கம் செய்யாததால் தானாகப் போய்ச் சேர்ந்தது. கம்பனி தன் வாடிக்கையாளருக்கும் பங்குதாரருக்கும் பதில் சொல்லும். பிக்மீ 2024இலிருந்து கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கிறது. பஸ்ஸால் இறங்கிய அந்த அம்மாவுக்கு அவர்கள் எப்படிப் பொறுப்பு? அவர் அவர்களுடைய வாடிக்கையாளரே இல்லை. ஆகவே செயலிக் கம்பனிகளுக்கும் உரிமம் வேண்டும், அந்த உரிமத்தில் நிபந்தனைகள் வேண்டும். எந்த நேரத்தில் எந்தப் பகுதியில் எத்தனை கோரிக்கை ரத்தாகிறது என்ற கணக்கை அதிகாரசபைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சாரதியை முடக்க முன்னம் அவருடைய பக்கத்தைக் கேட்க வேண்டும். நியூயோர்க் 2018இல் செயலி வண்டிகளுக்கு உச்சவரம்பு வைத்தபோது கூடவே சாரதிக்குக் குறைந்தபட்ச வருமானமும் நிர்ணயித்தது. உச்சவரம்பு எனக்கு வேண்டாம், மற்றது வேண்டும்.

இதெல்லாம் எழுத நன்றாக இருக்கும், இலங்கையில் நடக்குமா, ஓட்டோக்காரர் எவர் போய்ப் பதிவு செய்வார் என்று கேட்பீர்கள். பதிவு செய்தார்கள். கண் முன்னால் நடந்தது. 2022இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல். அதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது. அந்த நவம்பரில், மேல் மாகாண அதிகாரசபையில் வாடகை ஓட்டோவாகப் பதிந்தவர்களுக்கு 10 லீற்றர் என்று ஆக்கினார்கள். அவ்வளவுதான். தண்டம் அடித்தும், வர்த்தமானி போட்டும், பொலிஸ் பிடித்தும் நடக்காத காரியத்துக்கு ஆட்கள் தாங்களாகவே பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு 2023 செப்டெம்பரில் கியூஆர் முறை முடிந்தது, பதிவதற்கிருந்த காரணமும் அதோடு போனது. எனக்கு இது பெரிய துக்கம். கையில் கிடைத்த ஒரே ஒரு சாவியை வேலை முடிந்தது என்று எறிந்துவிட்டார்கள்.

பெற்றோல் இல்லாவிட்டால் வேறு எதையாவது கொடுக்கலாமே. பதிந்த வண்டிக்குக் குறைந்த வட்டியில் கடன். வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனி கையை விரிக்காத மாதிரி ஒரு மலிவான காப்புறுதி, ஏனென்றால் பலர் தனிப்பட்ட பாவனைக்கு என்று காப்புறுதி எடுத்துவிட்டு வாடகைக்கு ஓடுகிறார்கள். நிறுத்துமிடம், அதாவது ஓட்டோக்காரர் பார்க் என்று சொல்கிற இடம். கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு வெளியிலும் வைத்தியசாலை வாசல்களிலும் பார்க் யாருடையது என்று இன்றைக்கு யார் தீர்மானிக்கிறார்கள்? அங்கே முன்னமே நிற்பவர்கள். செயலியில் வருகிறவரை உள்ளே விடமாட்டார்கள், நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த சந்திக்கு நடக்க வேண்டும். அந்த இடம் மாநகர சபையின் இடம், எல்லோருடைய இடம். பதிந்த வண்டி, முத்திரை உள்ள மீற்றர் இரண்டும் இருப்பவர் அங்கே நிற்கலாம், மற்றவர் நிற்க முடியாது என்று வைத்தால் பார்க் பிரச்சினையும் பதிவுப் பிரச்சினையும் ஒரே நாளில் இளகும்.

2025 ஜனவரியில் பொலிஸார் ஓட்டோக்களையும் பஸ்களையும் மறித்து மேலதிக லைட், கோர்ன், அலங்காரங்களைக் கழற்ற வைத்தார்கள். கண்ணைக் கூச வைக்கிற லைட்டையும் காதைக் கிழிக்கிற கோர்னையும் கழற்றியது நல்லது. ஆனால் ஒரு சாரதி ஆசையாக ஒட்டிய சாமிப் படத்துக்கும் குஞ்சத்துக்கும் காட்டிய அவசரத்தில் பாதியை மீற்றருக்குக் காட்டியிருக்கலாம். வெளியே பார்த்தால் தெரிகிறதைத் திருத்துவது சுலபம் போல.

முறைப்பாட்டைப் பற்றியும் ஒன்று. கூடக் காசு எடுத்தார், வழியில் இறக்கி விட்டார் என்று முறையிட ஒரு வழி இருந்தால், அது தமிழிலும் வேலை செய்ய வேண்டும். தமிழில் பேசக்கூடிய ஒருவர் போனை எடுக்க வேண்டும், வண்டி இலக்கத்தை எழுத வேண்டும், ஒரு வாரத்துக்குள் என்ன நடந்தது என்று திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த நகரத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, மருதானை என்று ஓட்டோவை நம்பி ஓடுகிற தமிழ் பேசும் சனம் எவ்வளவு! அதே ஓட்டோக்களை ஓட்டுகிறவர்களிலும் எங்கள் ஆட்கள் எவ்வளவு! ஹட்டன் தம்பிக்கும் முறையிட ஒரு இடம் வேண்டும், காசு கொடுக்காமல் இறங்கி ஓடுகிற பயணிகளைப் பற்றி அவரும் கதை கதையாகச் சொன்னார்.

இறக்குமதி திறந்துவிட்டது. புது ஓட்டோக்கள் வரத் தொடங்கிவிட்டன, லீசிங் விளம்பரங்களும்தான். புது வண்டி ஒவ்வொன்றும் வீதிக்கு வரும்போதே வாடகைக்கா, சொந்தப் பாவனைக்கா என்று கேட்டு, வாடகைக்கு என்றால் முத்திரை குத்திய மீற்றரோடு இறக்குவதற்கு இதை விட நல்ல சந்தர்ப்பம் வராது. கட்டணத்துக்கு ஜூலை மாதம் நல்ல மாதம். பஸ் கட்டணத் திருத்தத்துக்கு எப்படியும் மேசையில் டயர் விலையும் எரிபொருள் விலையும் இருக்கும், அதே கணக்கில் ஓட்டோவுக்கும் ஒரு வரி சேர்த்து, அதே நாளில் மூன்று மொழியிலும் அறிவித்து, ஒவ்வொரு ஓட்டோவின் உள்ளேயும் சாரதியின் சீட்டுக்குப் பின்னால் ஒட்டச் சொல்லுங்கள்.